கேடி நல்லவன்தான்: எட்டு மாத அனுபவம்

கேடி (Caddy) என்ற சர்வர் மென்பொருளின் பெயரைத் தமிழில் எழுதினாலே வில்லங்கம். ஈரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மச்சானிடம், "இனிமே கடை பில்லிங் கேடி வழியாத்தான் வரும்" என்றேன். "கடைக் கணக்கைக் கொண்டு போய்க் கேடி கையிலயா குடுத்தீங்க மாப்ளே?" என்று கேட்டார்.

என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள ஒரு வாடகை சர்வர். அதில் மச்சான் கடையின் பில்லிங், குடும்பப் படங்களுக்கு இம்மிச் என்ற ஆல்பம் மென்பொருள், என் குறிப்புகளுக்கு ஒரு விக்கி என்று மூன்று குடித்தனம். ஸ்டோர் வீடு மாதிரி தெருவாசல் ஒன்றுதான், 443 என்ற போர்ட். வருகிறவர் யாரைத் தேடி வந்தார் என்று பார்த்து உள்ளே அனுப்ப ஒரு ஆள் வேண்டும். அவர்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி.

ஐந்து வருடம் அந்த வேலையை என்ஜினெக்ஸ் பார்த்தது. 2004-இல் வெளிவந்த மென்பொருள், அசைக்க முடியாத ஆள். ஆனால் எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். வந்தவரை உள்ளே அனுப்பும் ப்ராக்ஸி பாஸ் வரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டால் முகவரிப் பாதையின் முன்பகுதி வெட்டுப்படும், போடாவிட்டால் முழுப் பாதையும் அப்படியே உள்ளே போகும். அந்த ஒற்றைக் கோட்டுக்காக ஒரு முழு ராத்திரி விழித்திருக்கிறேன். அக்கா சேலத்திலிருந்து காதுகுத்து வீடியோவை ஏற்றியபோது 413, அதாவது 'கோப்பு பெரிது' என்ற பிழை, வந்தது. அனுப்பும் கோப்பின் அளவு, நாம் மாற்றாதவரை, 1 எம்பிதான். திறந்தபடியே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்புக்குத் தனியாக ஹெடர் வரிகள் எழுத வேண்டும், எச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழ் வாங்க செர்ட்பாட் என்ற தனிக் கருவி. எதுவும் கஷ்டமில்லை, எல்லாம் ஞாபகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேடி கோ மொழியில் எழுதப்பட்டது. 2015-இல் வந்தது, இப்போது புழக்கத்தில் இருக்கும் இரண்டாம் பதிப்பு 2020-இல். கேடிஃபைல் என்ற அதன் அமைப்புக் கோப்பில் கடைக்கு உள்ளது மூன்றே வரி: டொமைன் பெயரும் திறக்கும் அடைப்புக்குறியும், அடுத்து ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று போட்டு பில்லிங் ஓடும் தனிப்பெட்டியான கன்டெய்னரின் பெயரும் 3000 என்ற போர்ட்டும், பிறகு மூடும் அடைப்புக்குறி. இயக்கியதும், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டிடம் தானே போய்ச் சான்றிதழ் வாங்கி வந்துவிட்டது. காபி கூட ஆறவில்லை. எச்டிடிபியில் வருகிறவர்களை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்புவது, வெப்சாக்கெட், வந்தவரின் ஐபியை உள்ளே சொல்வது, எதற்கும் நான் ஒரு வரி எழுதவில்லை. அக்காவின் வீடியோவும் ஏறியது. என்னைப் போல இரண்டு மூன்று தளம் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்வர் பக்கம் போகிறவர்களுக்கு யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. யார் வந்தார், என்ன கேட்டார் என்ற அக்சஸ் லாகை நாமாகச் சொன்னால்தான் எழுதும். விக்கியின் லாகின் பக்கத்தை யாரோ தட்டிக்கொண்டே இருப்பதாகச் சந்தேகம் வந்து தேடினால் ஒரு வரி கூட இல்லை. லாக் என்று ஒரு சொல் சேர்த்த பிறகு எழுதியது, அதுவும் ஜேசன் என்ற அடைப்புக்குறி வடிவத்தில், கண் வலிக்க. சரி, தட்டுகிறவனின் வேகத்தைக் குறைப்போம் என்றால் அந்த வசதி கூடவே வருவதில்லை, செருகுநிரல் சேர்த்துத் தனியாக பில்ட் செய்ய வேண்டும். என்ஜினெக்ஸில் அது பிறவியிலேயே உண்டு.

பெரிய அடி என் கவனக்குறைவால் வந்தது. கேடியையும் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில்தான் ஓட்டினேன், ஆனால் சான்றிதழ்கள் தங்கும் டேட்டா அடைவுக்கு, கன்டெய்னர் போனாலும் அழியாத, பெயர் வைத்த வால்யூம் கொடுக்கவில்லை. ஒரு நாள் ஏதோ சோதனைக்காக, கன்டெய்னர்களை மொத்தமாக ஓட்டும் கம்போஸை இறக்கினேன், ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். ஒவ்வொரு முறையும் கேடி சமர்த்தாகப் போய்ப் புதுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். லெட்ஸ் என்க்ரிப்ட்டில் ஒரே பெயருக்கு வாரத்தில் ஐந்துதான் கணக்கு. ஆறாவது முறை கையை விரித்துவிட்டார்கள். மின்னஞ்சல் முகவரியும் எழுதாமல் விட்டிருந்ததால், சான்றிதழ் தரும் மாற்று இடத்துக்கும் கேடி போகவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மச்சான் போன். "மாப்ளே, கம்ப்யூட்டர்ல பில்லே வரல. பெயின்ட் வாங்க ஆள் நிக்குது." அவசரத்துக்கு ஒரே வழிதான் தோன்றியது. டொமைனில் 'கடை2' என்று புதுப் பெயர் போட்டு, கேடிஃபைலில் முதல் வரியை மாற்றினேன். புதுப் பெயருக்குப் புதுக் கணக்கு என்பதால் உடனே சான்றிதழ் கிடைத்தது. அதுவரை பில் எல்லாம் கார்பன் தாள் வைத்த பழைய புத்தகத்தில்.

அப்புறம் வால்யூம் சேர்த்தாயிற்று, சோதனை என்றால் அதற்கென்றே லெட்ஸ் என்க்ரிப்ட் வைத்திருக்கும் ஸ்டேஜிங் முகவரிதான். பழைய பெயரும் எப்போதோ சரியாகிவிட்டது. கவுன்ட்டரில் இருக்கும் பெண் மட்டும், சுவிட்ச் பெட்டி அட்டையைக் கிழித்துப் புது முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறாள். பழையதற்கே மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்ண்ணா, இது மனப்பாடம் ஆயிருச்சு" என்றாள்.