"சவுண்ட் ஐசி போய்விட்டது" என்றார்கள்: வேலூரில் ஒலிப்பதிவு செய்வோர் கவனத்திற்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு வட்டாரத்தில் சொந்தமாக ஒரு மடிக்கணினியும் மைக்கும் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவு செய்து வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவு செய்த குரல் திடீரென்று கனத்து, இழுவையாக, சுருதி இறங்கி ஒலித்தாலோ, அல்லது கீச்சென்று வேகமாக ஓடினாலோ, அது பெரும்பாலும் பழுதே அன்று. சாம்பிள் ரேட் என்று ஓர் எண் உண்டு, ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்று சொல்வது; கணினி ஓர் எண்ணிலும் ஒலிப்பதிவு மென்பொருள் வேறோர் எண்ணிலும் நிற்பதால் வருகிற முரண் அது. அதைச் சரிசெய்ய ஒரு ரூபாயும் செலவாகாது. இதை அறியாத, அல்லது அறிந்தும் வாயைத் திறக்காத, வேலூர் சர்வீஸ் கடை ஒன்று என்னிடம் 14,300 ரூபாய் வாங்கிக்கொண்டது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை; விவகாரம் இன்னும் முடியவில்லை.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கூத்துப் பாடல்களைப் பதிவு செய்து வைப்பது என் பல நாள் வேலை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும் ஊர்களில், பாடல் தெரிந்த வாத்தியார்களை ஓய்வாக உட்காரவைத்து, ஆர்மோனியமும் மிருதங்கமும் மட்டும் துணைக்கு வைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்வேன். மைக்கின் ஒலியைக் கணினிக்கு ஏற்ற எண்களாக மாற்றித் தரும், யுஎஸ்பி வழியாக இணைகிற ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸில் மைக்கைச் செருகி, அங்கிருந்து மடிக்கணினிக்குக் கொண்டுவருவேன். இப்படிப் பல மாதங்கள் தொல்லையின்றி நடந்த வேலை, கணினியில் ஏதோ டிரைவர் (கருவியை இயக்கும் சிறு மென்பொருள்) புதுப்பித்தலுக்குப் பிறகு கோணலாகிவிட்டது. வயதான வாத்தியார் ஒருவர் தம் பதிவைக் கேட்டுவிட்டு, "ஏம்பா, நான் ஜொரத்துல படுத்துக்கினு பாடுன மாதிரி கீது" என்றார். ஆர்மோனியக்காரர் பெட்டியைத் திறந்து சேர்த்து வாசித்துப் பார்த்தார். பாட்டின்போது அவர் வாசித்தது ஐந்து கட்டைச் சுருதி. பதிவிலோ சுருதி நான்கு கட்டைக்கும் நான்கரைக் கட்டைக்கும் நடுவே, எந்தக் கட்டையிலும் உட்காராமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்மோனியத்தின் ரீடு ஒரே நாளில் இறங்குவதில்லை என்பதால் கோளாறு கணினிப் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது.

கடையில் மடிக்கணினியை வாங்கிப் பார்த்த தொழில்நுட்பக்காரர், நான் விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "சவுண்ட் ஐசி போயிடுச்சு சார், போர்டுல மாத்தணும்" என்றார். இன்டர்ஃபேஸையும் கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார். ஐசி மாற்றியதற்கும் விண்டோஸை மறுபடி ஏற்றியதற்கும் சேர்த்து 2,800 ரூபாய். திருப்பிக் கொடுக்கும்போது, கணினியோடு வருகிற குரல் பதிவுச் செயலியைத் திறந்து, மடிக்கணினியின் உள் மைக்கில் "அலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று பேசி, அதை ஓட்டிக் காட்டினார்கள். குரல் சரியாகத்தான் இருந்தது. இருக்காமல் எப்படிப் போகும்? அந்தச் செயலியும் விண்டோஸும் ஒரே எண்ணில் நிற்பவை. என் இன்டர்ஃபேஸும் என் மென்பொருளும் அந்தச் சோதனையில் இல்லவே இல்லை.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வழியாகப் பதிவு செய்யும்போது, மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்களாக மாற்றும் வேலை முழுவதும் அந்த இன்டர்ஃபேஸுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மடிக்கணினியின் போர்டில் இருக்கும் ஒலிச் சில்லுக்கு, அதாவது கடைக்காரர் சொன்ன சவுண்ட் ஐசிக்கு, அதில் எந்தப் பங்கும் கிடையாது. அந்தச் சில்லு நிஜமாகவே செத்துப்போயிருந்தாலும் என் பதிவு நன்றாகவே வந்திருக்கும். அதோடு, ஒலிச் சில்லு கெட்டால் ஒலி வராமல் போகும், இரையும், கரகரக்கும், விட்டுவிட்டு வரும். பாட்டு முழுவதையும் ஒரே சீராக, அளந்து வைத்தாற்போல் இறக்கிக் கொடுக்காது. ஆகையால், யுஎஸ்பி மைக்கோ இன்டர்ஃபேஸோ வைத்திருப்பவரிடம் "போர்டில் ஐசி போய்விட்டது" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவருக்கு ஒலிப்பதிவு தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார்.

வீட்டுக்கு வந்து என் பதிவு மென்பொருளில் பழைய புராஜெக்ட்டை (பதிவுகளைச் சேர்த்து வைக்கும் கோப்பை) திறந்து பதிவு செய்தேன், அதே இழுவை. மறுபடி கடைக்குப் போனபோது குற்றவாளி மாறிவிட்டது. "உங்க இன்டர்ஃபேஸ் பழசு சார், 48-ல ஓடாது, புதுசு போட்டாத்தான் சரியாகும்" என்றார்கள். அந்தக் கருவியின் அட்டைப்பெட்டியிலேயே 44.1, 48, 96 கிலோஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 44,100, 48,000, 96,000) என்று மூன்றும் அச்சிட்டிருந்தது. அதைச் சொன்னதற்கு, பெட்டியில் போடுவதெல்லாம் நடைமுறைக்கு வராது என்று பதில் வந்தது. புதிய இன்டர்ஃபேஸ் 11,500 ரூபாய். கடையில் அதை இணைத்து, என் மென்பொருளிலேயே புதிய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து பதிவு செய்து காட்டினார்கள், சுத்தமாக இருந்தது. புதிய புராஜெக்ட் கருவியின் எண்ணையே எடுத்துக்கொண்டு 48,000-இல் திறந்திருக்கிறது, அதுதான் காரணம். வீட்டில் 44,100-இல் கிடந்த என் புராஜெக்ட்டில் பதிவு செய்தால், கருவி புதிது, சுருதி மட்டும் பழையபடி பாதாளத்தில்.

கடைசியில் ஆற்காட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் உறவுக்காரத் தம்பி ஒருவனைத் தொலைபேசியில் பிடித்தேன். அவன் கேட்டது இவ்வளவுதான்: "மாமா, புராஜெக்ட்ல சாம்பிள் ரேட் எவ்வளவு? இன்டர்ஃபேஸோட கண்ட்ரோல் பேனல்ல எவ்வளவு?" ஒன்றில் 44,100, மற்றொன்றில் 48,000. பிரௌசரை மூடச் சொன்னான், கருவியின் பேனலில் 44,100-ஐத் தேர்ந்தெடுக்கச் சொன்னான், மென்பொருளை மூடித் திறக்கச் சொன்னான். ஐந்து கட்டை ஐந்து கட்டையாகவே திரும்பி வந்தது. பழைய இன்டர்ஃபேஸிலும் அப்படியே.

நடந்தது என்னவென்று விளங்கிக்கொள்வது கடினமன்று. சாம்பிள் ரேட் என்பது ஒரு நொடி ஒலியை எத்தனை எண்களாக அளந்து எழுதுவது என்பதற்கான கணக்கு. கருவி நொடிக்கு 48,000 எண்களை அனுப்புகிறது; மென்பொருளோ தன் கோப்பின் தலையில் "நொடிக்கு 44,100" என்று எழுதிவைத்துக்கொண்டு அவற்றை அடுக்குகிறது. அப்படியானால் ஒரு நொடியில் பாடியதை ஓட்டி முடிக்க 1.088 நொடி ஆகும். பத்து நிமிடப் பாட்டு 10 நிமிடம் 53 நொடி ஓடும். வேகம் குறைகிற அளவுக்குச் சுருதியும் இறங்கும். ஆர்மோனியத்தில் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால் ஏறக்குறைய ஒன்றரைச் சாவி இறக்கம். எண்கள் எதிர்த்திசையில் மாறியிருந்தால் அதே பத்து நிமிடம் 9 நிமிடம் 11 நொடியில் முடிந்து, குரல் சிறுபிள்ளைக் குரலாகும். உங்கள் கோளாறு இதுதானா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை: கைபேசியில் கடிகாரத்தை ஓடவிட்டுச் சரியாகப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள், பிறகு அந்தப் பதிவைத் தனியே ஓட்டி, அதே கடிகாரத்தில் அளந்து பாருங்கள்.

இரண்டு எண்கள் ஏன் இருக்கின்றன என்று சிலர் கேட்பார்கள். 44,100 என்பது குறுந்தட்டின் (சிடி) எண். சோனியும் பிலிப்ஸும் 1980-இல் காம்பாக்ட் டிஸ்க்குக்கு விதிமுறை வகுத்தபோது, எண்மமாக்கிய ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நொடிக்கு 60 புலம் (வீடியோவின் அரைப் படம்), புலத்துக்கு 245 வரி, வரிக்கு 3 அளவு என்று பெருக்கினால் 44,100 வரும். ஐரோப்பிய முறையில் 50 புலம், 294 வரி, 3 அளவு என்றாலும் அதே எண்தான் வரும். 48,000 படத்தோடு சேர்ந்து போகும் ஒலிக்கான எண். நொடிக்கு 24 படச்சட்டம் என்றால் சட்டத்துக்கு 2,000, 25 என்றால் 1,920 என்று மிச்சமில்லாமல் வகுபடும். ஆகவே பாட்டு மட்டும் பதிவு செய்பவர் 44,100-லும், காணொளிக்காகச் செய்பவர் 48,000-லும் இருப்பதில் தவறில்லை. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், எல்லா இடத்திலும் அதுவாகவே இருக்க வேண்டும்.

எல்லா இடம் என்றால் எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் பழைய கண்ட்ரோல் பேனலின் சவுண்ட் பகுதியைத் திறந்து, ரெக்கார்டிங் பக்கத்தில் உங்கள் மைக் அல்லது இன்டர்ஃபேஸின் பிராப்பர்ட்டீஸுக்குள் அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போனால், டீஃபால்ட் ஃபார்மட் என்று எண் தெரியும். பிளேபேக் பக்கத்திலும் அதே கருவிக்குத் தனியாக ஓர் எண் இருக்கும். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். மேக் கணினியில் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் இது கிடைக்கும். இன்டர்ஃபேஸோடு வந்த ஏசியோ டிரைவருக்கு (பதிவு மென்பொருளைக் கருவியோடு நேரடியாக இணைப்பது) தனிப் பேனல் இருந்தால் அங்கே ஒன்று. பதிவு மென்பொருளின் புராஜெக்ட்டில் ஒன்று. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்குச் சுருதி மாறுவதற்குப் பதிலாக, ஒலிக்கருவியைத் திறக்க முடியவில்லை, புராஜெக்ட்டின் சாம்பிள் ரேட்டை மாற்றிப் பாருங்கள் என்று ஒரு செய்தி வரக்கூடும். அந்தச் செய்தியைக் கண்டதும் மைக் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம்.

எண்ணை மாற்றினாலும் மாறாமல் அடம் பிடித்தால், வேறு ஏதோ செயலி கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிரௌசரில் ஓடும் காணொளி, வகுப்புக்காகத் திறந்து வைத்த கூட்டச் செயலி போன்றவற்றை முழுவதுமாக மூடிவிட்டு மாற்ற வேண்டும். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பதிவுக்குத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: மைக் திறந்தவுடன் அது தொலைபேசிப் பேச்சு முறைக்கு மாறி, பெரும்பாலும் 8,000 அல்லது 16,000-க்கு இறங்கிவிடும். அந்தக் குரலை எந்த எண்ணும் காப்பாற்றாது. கம்பி மைக்தான் வழி.

ஏற்கெனவே இழுவையாகப் பதிவான கோப்புகளைத் தூக்கி எறிய வேண்டாம், மறுபடி பாடச் சொல்லவும் வேண்டாம். எண்கள் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. கோப்பின் தலையில் எழுதிய ரேட் மட்டுமே பிழை. ஆடாசிட்டியில் அந்தக் கோப்பைத் திறந்து, தடத்தின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பட்டியலில் ரேட் என்பதைத் தேர்ந்து 48,000 என்று வைத்தால், பாட்டு தன் வேகத்துக்கும் சுருதிக்கும் திரும்பிவிடும். ரீசாம்பிள் என்ற கட்டளை வேறு; அது எண்களைப் புதிதாகக் கணக்கிட்டு, பிழையான சுருதியையே நிலைப்படுத்திவிடும். வாத்தியாரின் பாடல்கள் எனக்கு இப்படித்தான் மீண்டன.

பிறகு, போர்டு வேலை தெரிந்த வேறொருவரிடம் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். அவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒலிச் சில்லின் கால்களில் இருப்பது தொழிற்சாலைச் சால்டரிங்தான், சூடுபட்ட தடமோ, பற்றவைக்கும்போது பூசும் ஃபிளக்ஸ் பிசினோ கொஞ்சமும் இல்லை, கை படவே இல்லை என்றார். அதாவது மாற்றாத ஐசிக்குத்தான் நான் பணம் கொடுத்திருக்கிறேன். கடைக்குச் சென்று, கழற்றிய பழைய ஐசியைக் கொடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் ஸ்கிராப்ல போட்டுட்டோம் சார், வேலை செஞ்சதுக்குத்தான் காசு வாங்கினோம்" என்றார்கள். பில் கேட்டதற்கு, கடையின் பெயரோ வரி எண்ணோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் "சர்வீஸ்" என்று எழுதி நீட்டினார்கள். அந்தச் சீட்டையும், கைபேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவையும், இரண்டாவது தொழில்நுட்பக்காரர் எடுத்துக் கொடுத்த சில்லின் படங்களையும் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

பில் கொடுக்காமல் இருப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்து, அதன் பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பின் இன்டர்ஃபேஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு 11,500 ரூபாயைக் கொடுத்துவிட்டார்கள். ஐசிக்கு வாங்கிய 2,800 ரூபாயைத் தர முடியாது என்று கடைக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதால், வேலூர் மாவட்ட ஆணையத்துக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். இந்த வாரம் தாக்கல் செய்கிறேன். அதே கடையில் யாரேனும் ஒலிக் கோளாறுக்காகப் போர்டு வேலைக்குப் பணம் கொடுத்திருந்தால், கணினியை வேறொருவர் கையில் கொடுத்துச் சில்லின் கால்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.