14-30 எஃப்/4-ஆ, 14-24 எஃப்/2.8-ஆ? மூலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

நிக்கான் இசட் கேமராவில் நிலக்காட்சி எடுப்பவர் அல்ட்ரா வைட் (மிக அகன்ற காட்சியைப் பிடிக்கும்) லென்ஸ் தேடத் தொடங்கினால், பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் வந்து நிற்பார்: 2019-ல் வந்த 14-30 மி.மீ. எஃப்/4 எஸ், 2020-ல் வந்த 14-24 மி.மீ. எஃப்/2.8 எஸ். மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகி வெளிச்சம் கூடும். நான் வாங்கியது 14-30. என் சாய்வு கீழே தெரியத்தான் செய்யும்.

எடை 14-30-க்கு 485 கிராம், 14-24-க்கு 650 கிராம். விலையிலும் 14-30 நன்றாகவே குறைவு. அதில் 82 மி.மீ. ஃபில்டரை நேராகத் திருகிவிடலாம். 14-24-ல் அதற்கென்று வரும் ஹூடை (முன்பக்க மறைப்பை) மாட்டி, 112 மி.மீ. ஃபில்டர் தேட வேண்டும். பின்பக்கம் ஜெல் ஃபில்டர் செருக இடம் உண்டு, ஆனால் பளபளப்பைக் குறைக்கத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிய போலரைசர் ஃபில்டருக்கு அது உதவாது.

சரி, கூர்மைக்கு வருவோம். கோடுகள் அச்சிட்ட சோதனை அட்டையைப் படமெடுத்துப் போடும் மதிப்பெண்களில் 14-24 முந்துகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் 14 மி.மீ.-ல் ஒரு மீட்டர் தூரத்திலேயே இரண்டரை மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வந்துவிடும். அப்படியானால் அட்டையை எவ்வளவு கிட்டத்தில் வைத்திருப்பார்கள்? நாம் எடுப்பதோ தொலைவில் இருக்கும் மலை. லென்ஸின் ஃபோகஸ் தளம், அதாவது கூர்மையாக விழும் பரப்பு, முழுக்கத் தட்டையாக இருப்பதில்லை. அதன் வளைவும் தூரத்துக்குத் தக்கபடி மாறும். கிட்டத்தில் எடுத்த மதிப்பெண் தொலைவுக்கு அப்படியே பொருந்தாது.

அதனால் நான் தொலைவில் உள்ள ஒரு செல்போன் கோபுரத்தைத்தான் பார்ப்பேன். டிரைபாட், அதிர்வுக் கட்டுப்பாடு அணைத்து, டைமர். கோபுரத்தை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து ஒரு படம். ஃபோகஸைத் தொடாமல் கேமராவை மட்டும் திருப்பி, அதே கோபுரம் நான்கு மூலைகளிலும் விழும்படி நான்கு படங்கள். எஃப்/4, 5.6, 8, 11 என்று இதையே திரும்பச் செய்ய வேண்டும். 14-30-ல் 14 மி.மீ., எஃப்/4 வைத்தால், கடைக்கோடி மூலையில் கோபுரத்தின் குறுக்குக் கம்பிகள் ஒன்றோடொன்று இழைந்துவிடும். எஃப்/8-ல் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

பிரியாவிட்டால் உடனே லென்ஸைத் திட்ட வேண்டாம். கோபுரத்தை மூலையில் வைத்தபடி அங்கேயே ஃபோகஸ் செய்து இன்னொன்று எடுங்கள். இப்போது தெளிந்தால் அது ஃபோகஸ் தள வளைவு. ஃபோகஸ் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தியே சமாளிக்கலாம். அப்போதும் தெளியவில்லை என்றால் அந்த இடத்தில் லென்ஸின் திறன் அவ்வளவுதான். மூன்று மூலை நன்றாக இருந்து ஒன்று மட்டும் மங்கினால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. பேசாமல் மாற்றி வாங்குங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போது பணம் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுவது உத்தமம்.

14-30-க்கு ஒரு குறை உண்டு. 14 மி.மீ.-ல் அதன் பீப்பாய் வளைவு (நேர்கோடுகள் வெளிப்புறம் புடைத்துத் தெரிவது) அதிகம். மென்பொருள் அதை நிமிர்த்தும்போது மூலைகளை இழுக்கிறது. இழுத்த இடத்தில் நுணுக்கம் குறையத்தான் செய்யும். 16 மி.மீ. பக்கம் போனால் இந்தத் தொல்லை தணிகிறது. நிலக்காட்சியில் நாம் பெரும்பாலும் இருக்கும் எஃப்/8, எஃப்/11-ல், இந்த இழுப்பைத் தவிர இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை என்பது என் கணிப்பு. எஃப்/16-ல் டிஃப்ராக்‌ஷன் (சிறு துளை வழியே போகும் ஒளி பரவுவது) இரண்டையும் ஒரே மாதிரி மழுக்கிவிடும்.

இரவு வானம் எடுப்பவர்களுக்கு என் பேச்சு செல்லாது. எஃப்/2.8 என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம். மூலையில் நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைப்பதும் 14-24-ல் குறைவாகவே இருக்கிறது. ஆனால் இதைப் பிறர் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன், நான் நட்சத்திரம் எடுத்தது சொற்பம். உங்கள் படங்களில் பாதி இரவில்தான் என்றால் 14-24 வாங்குங்கள்.