ஓப்பன்ஸ்காப்: சேலத்து ஆபீஸ் சர்வர்களுக்கு ஒத்துவருமா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையின் பில்லிங் சர்வரோ, ஜவ்வரிசி ஆலையின் கணக்கு சர்வரோ, “சிஐஎஸ் பெஞ்ச்மார்க்படி (சிஐஎஸ் அமைப்பு வெளியிடும் பாதுகாப்பு விதிகளின்படி) இருக்கிறதா?” என்று ஆடிட்டர் கேட்டால், அத்தனை விதியையும் பிடிஎஃப்பைப் பார்த்துக் கையால் சரிபார்க்க முடியாது. ஓப்பன்ஸ்காப் என்ற சோதனை மென்பொருள் அதைச் செய்துவிடும், காசும் இல்லை. ஸ்கேனர் ஒரு பேக்கேஜ், விதிகள் அடங்கிய ‘ஸ்காப் செக்யூரிட்டி கைடு’ இன்னொன்று. அவ்வளவே.

சிக்கல் ஸ்கேனரில் இல்லை, விதிக் கோப்பில். அல்மாலினக்ஸ் 9 (ரெட்ஹாட் லினக்ஸை ஒத்த இலவச லினக்ஸ்) சர்வரில் ரெட்ஹாட் 9-க்கான கோப்பைக் கொடுத்தால் விதிகள் ‘நாட் அப்ளிக்கபிள்’ (பொருந்தாது) என்று ஒதுங்கிவிடும். ரிப்போர்ட்டில் ஒரு ஃபெயில்கூட இராது. எதையும் சோதித்தும் இராது. அதனால் முதலில் ‘ஆஸ்காப் இன்ஃபோ’ கட்டளை கொடுத்து, ப்ரொஃபைல் (சோதிக்க வேண்டிய விதிகளின் தொகுப்பு) விவரத்தில் உள்ள பெஞ்ச்மார்க் பதிப்பு எண்ணும் ஆடிட்டர் கையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பதிப்பு மாறினால் பிரிவு எண்களும் மாறும், பேச்சே குழம்பிவிடும்.

அடிப்படை விதிகள் கொண்ட லெவல் 1 சர்வர் ப்ரொஃபைலே போதும். ஸ்கேன் முடிந்து எக்ஸிட் கோடு (கட்டளை முடியும்போது தரும் எண்) 2 வந்தால் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு விதியாவது தேறவில்லை என்று அர்த்தம். 1 வந்தால்தான் ஸ்கேனே கோளாறு. குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் ஸ்கிரிப்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தேறாத விதிகளைத் தானே சரிசெய்யும் ‘ரெமிடியேட்’ ஆப்ஷனை ஓடுகிற சர்வரில் எடுத்த எடுப்பில் தட்டவே தட்டாதீர்கள். ரூட் லாகின் எஸ்எஸ்ஹெச்சில் அடைபடும். வேறு சூடோ பயனர் (நிர்வாக உரிமை உள்ளவர்) இல்லையென்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். டெம்ப் கோப்புறையில் எதையும் இயக்கவிடாத ‘நோஎக்ஸெக்’ போட்டால், அங்கே நேட்டிவ் லைப்ரரியைப் பிரித்து ஓடும் ஜாவா மென்பொருள் நின்றுவிடும். டெம்ப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் கேட்கும் விதியையோ இது சரிசெய்யாது. அதை இன்ஸ்டால் பண்ணும்போதே பிரித்துவிடுவது நல்லது. செய்த மாற்றத்தைத் தானாகத் திருப்ப இதில் வழியும் கிடையாது. ஓப்பன்ஸ்காப்புக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் மட்டும் தருவது இதற்காகத்தான். நகல் சர்வரில் ஓட்டிப் பார்த்து, ஒத்துவராத விதியை ‘ஆட்டோடெய்லர்’ என்ற கட்டளை மூலம் விலக்கி, காரணத்தையும் எழுதிவையுங்கள். காரணம் இருந்தால் ஆடிட்டரிடம் பேச இடமுண்டு.

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ் போல நெட் வந்து வந்து போகும் இடத்திலும் ஸ்கேன் ஓடும். பாதுகாப்பு அப்டேட்களைப் பார்க்கும் பேட்ச் விதி ப்ரொஃபைலில் இருந்தால், அது ‘நாட் செக்ட்’ (சோதிக்கப்படவில்லை) ஆகும். அந்த விதி நெட்டில் தேடும் கோப்பைச் சேலத்திலேயே இறக்கி பென்டிரைவில் கொண்டுபோய், ‘லோக்கல் ஃபைல்ஸ்’ ஆப்ஷனில் அந்தக் கோப்புறையைக் காட்டிவிடுங்கள்.