மார்கோவின் சமையல் புத்தகமா, எட்வர்டின் பயணக் குறிப்பா?

‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையில் (மங்கா, 2001–2010) ரசவாதிகள் தங்கள் ஆராய்ச்சியை அப்படியே எழுதி வைப்பதில்லை. எட்வர்ட் எல்ரிக் தன்னுடையதைப் பயணக் குறிப்பாக எழுதுகிறான். டாக்டர் மார்கோவோ சமையல் புத்தகமாக எழுதினார்: அன்றாடச் சாப்பாட்டுக்கு ஆயிரம் வகை!

ஒளித்து வைப்பதில் மார்கோதான் கில்லாடி என்பேன். ஊர் ஊராகச் சுற்றுகிறவனின் நோட்டைப் புரட்டிப் பார்க்க எவனுக்காவது தோன்றும். சூப் வைக்கும் பக்குவத்தை யார் சந்தேகப்படுவார்கள்? அவர் புத்தகம் இருந்த நூலகம் எரிந்துபோகிறது. அப்புறம் ஷெஸ்கா, படித்த எதையும் மறக்காதவள், உள்ளர்த்தம் தெரியாமலே வரி பிசகாமல் எழுதித் தருகிறாள். எட்வர்டும் அவன் தம்பியும் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு அவிழ்த்துப் பார்த்தால், ரசவாதிகள் தேடும் அதிசயக் கல்லான தத்துவக் கல்லின் சேர்மானம் உயிருள்ள மனிதர்கள். சமையல் வேடம் அங்கேதான் குமட்டுகிறது. பயணக் குறிப்புக்கு அந்தக் குரூரப் பொருத்தம் கிடையாது.