சூப்பர்சார்ஜர் போட்ட 327-க்கு எந்த கேம்? 18,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு சொல்கிறேன்

பெரியப்பாவின் 1965 இம்பாலா என் கைக்கு வந்தபோது அதில் இருந்தது 327 கன அங்குல வி8. அதன் மேல், காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் ஒன்றை, 142 கன அங்குல அளவில் சின்னதாக, உட்கார வைத்தேன். பூஸ்ட், அதாவது அது தரும் கூடுதல் காற்றழுத்தம், 6 பிஎஸ்ஐ-க்கு மேல் போகாது, கம்ப்ரஷன் 8.5. பெங்களூரு அல்சூரில் கிளம்பி, சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரி வரை போய்வரும் வண்டி. இந்த ஓட்டத்தை மனதில் வைக்காமல்தான் முதல் கேமை, அதாவது வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்டை, வாங்கினேன்.

அது ஃப்ளாட் டாப்பெட் கேம்: கேமின் லோப் (புடைப்பு) மேல் தட்டையான அடிமுகமுள்ள லிஃப்டர் உரசி எழும்பி, புஷ்ராட் என்ற கம்பி வழியாக ராக்கரை அசைத்து வால்வைத் திறக்கும். லிஃப்டர் 0.050 அங்குலம் எழும்பிய நிலையில் அளந்தால் டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) 230 டிகிரி; இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் மையங்களுக்கு இடையிலான கோணமான லோப் செபரேஷன் 108. ஐடிலிங் சத்தம் கேட்க அத்தனை ஆசையாக இருக்கும். ஆனால் வேக்குவம் கேஜ் 9 அங்குலத்தைத் தாண்டவில்லை. பவர் பிரேக் இன்ஜினின் இந்த உறிஞ்சு விசையில்தான் வேலை செய்கிறது. பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். இங்கே எந்த இன்ஜினுக்கும் கடலோரத்தைவிட 3 அங்குலம் வேக்குவம் குறைவாகத்தான் காட்டும். அதோடு பெரிய கேமும் சேர்ந்தால் பவர் பிரேக்குக்கு என்ன மிஞ்சும்? டெய்ரி சர்க்கிள் சிக்னலில் இரண்டாவது தடவை மிதித்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. அன்றைக்குப் பயந்தே போனேன்.

பழைய அமெரிக்க வண்டிகளிலேயே கை பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவர் கேமின் அளவுகள் அச்சிட்ட கார்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, காத்தைத் திணிக்கத்தான் மேலே ஒண்ணு வச்சிருக்கியே, அப்புறம் எதுக்கு ரெண்டு வால்வும் சேர்ந்து இவ்வளவு நேரம் தொறந்து நிக்கணும்?" விஷயம் அதுதான். ரூட்ஸ் அமைப்பில் கார்பரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு மேலே உட்கார்ந்திருக்கும். செபரேஷன் குறைந்து ஓவர்லேப் (இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமானால் பூஸ்டில் வருகிற காற்று பெட்ரோலையும் சேர்த்து நேராக எக்ஸாஸ்டுக்குள் தள்ளிவிடும். அதனால்தான் இந்த மாதிரி இன்ஜினுக்கு 112 முதல் 114 டிகிரி செபரேஷன் பார்க்க வேண்டும். உள்ளே போவதைத் திணிக்க ஆள் இருக்கிறது, வெளியே போகிற புகைக்கு இல்லை. எக்ஸாஸ்ட் பக்க டியூரேஷன் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது.

அந்த கேம் 3,000 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. கார்பரேட்டர் வழியாகப் பட் பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது. ராக்கர் கவரைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றினோம். ஒரு எக்ஸாஸ்ட் ராக்கர் மட்டும் பாதிதான் அசைந்தது. லிஃப்டரை வெளியே எடுத்து, இன்னொரு லிஃப்டரின் பக்கவாட்டை அதன் அடிமுகத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புது லிஃப்டரின் முகம் மிக லேசாகக் குவிந்திருக்கும், வைத்தால் ஆடும். இதில் நடுவில் குழி விழுந்து, கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. கேம் லோபின் லேசான சரிவும் இந்தக் குவிவும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. சுழற்சி நின்றால் தேய்மானம் மளமளவென்று போய்விடும்.

இப்படித் தேய்ந்ததற்குத் தப்பு கேமில் இல்லை. புது கேம் போட்டு முதல் ஸ்டார்ட் ஆனதுமே 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து 20 நிமிடமாவது ஓட்டியிருக்க வேண்டும். நாங்கள் கார்பரேட்டரைச் சரிசெய்கிறோம் என்று ஐடிலிங்கிலேயே விட்டுவிட்டோம். லோப் மேல் அழுத்தம் குறைய, வால்வின் இரட்டை ஸ்பிரிங்கில் உள்ளே இருக்கும் இன்னர் ஸ்பிரிங்கையும் கழற்றவில்லை. ஊற்றியதோ துத்தநாகச் சேர்மானம் குறைந்த புது ரக பெட்ரோல் கார் ஆயில். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு ஃப்ளாட் டாப்பெட் இன்றைக்கும் உழைக்கும், பணமும் மிச்சம்.

நான் ஹைட்ராலிக் ரோலருக்கு, அதாவது அடியில் உருளை உள்ள லிஃப்டர்கள் ஓடும் கேமுக்கு, மாறினேன். இன்டேக் 212, எக்ஸாஸ்ட் 222, செபரேஷன் 114. செலவு மூன்று மடங்கு ஆனது, கூடவே வேலையும் வந்தது. 1987-க்கு முந்தைய பிளாக் என்பதால் உருளை திரும்பிவிடாமல் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புப் பட்டை உள்ள லிஃப்டர்கள்தான் போட முடியும். அவை உயரமானவை, ஆகவே புஷ்ராட்டை அளந்து குட்டையாக வாங்கினேன். ரோலர் கேமின் லோபில் சரிவு கிடையாது. பின்னுக்குப் பிடித்து வைக்க அது இல்லாததால், கேம் முன்னால் நகராமல் இருக்க டைமிங் கவருக்குப் பின்னால் பட்டன் வேண்டும்.

வால்வை மூடும் ஸ்பிரிங் விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1.94 அங்குல இன்டேக் வால்வின் பரப்பு கிட்டத்தட்ட 3 சதுர அங்குலம். 6 பிஎஸ்ஐ பூஸ்ட் பின்னாலிருந்து 18 பவுண்டு விசையில் அதைத் திறக்கப் பார்க்கும். அதையும் சேர்த்துத்தான் சீட் பிரஷர், அதாவது மூடிய வால்வை ஸ்பிரிங் அழுத்தும் விசை, கணக்கிட வேண்டும். ஆனால் பழைய ஹெட்டில் ராக்கரைத் தாங்கும் ஸ்டட் வெறுமனே அழுத்திச் செருகியது. ஸ்பிரிங் கனமானால் உருவிக்கொண்டு மேலே வந்துவிடும். லேத்துப் பட்டறையில் கொடுத்து மரை வெட்டி, திருகும் ஸ்டட் போட்டோம். அந்த நான்கு நாள் காத்திருந்தது வீண்போகவில்லை.

இப்போது பெங்களூரில் ஐடிலிங்கில் 14 அங்குலம் நிற்கிறது. சென்னைக்கு ஒருமுறை ஓட்டிப் போனபோது 17 காட்டியது. பிரேக் பயம் போய்விட்டது. 1,500 ஆர்பிஎம்மிலேயே இழுவை வந்துவிடுவதால் ஓசூர் ரோடு மேம்பாலத்தில் கியரைக் குறைக்க வேண்டியதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி டிக் டிக் சத்தம் வரும், ஆயில் ஏறியதும் நின்றுவிடும். ஐடிலிங் சத்தத்தில் அந்தப் பழைய உருட்டல் இல்லை என்பது உண்மைதான், எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒன்றே ஒன்றுக்குக் கண் வைத்திருக்கிறேன். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கேம்தான் சுற்றுகிறது; ஸ்டீல் கேமுக்கு வார்ப்பிரும்பு டிஸ்ட்ரிபியூட்டர் கியர் ஆகாது என்று வெண்கல கியர் போட்டிருக்கிறோம். அது மெதுவாகத் தேயும் சாதி. ஆயில் மாற்றும்போதெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிப் பல்லைப் பார்க்கிறேன். போன மாதம் பார்த்தபோது நுனி கொஞ்சம் கூர்ந்திருந்தது. அடுத்த கியர் வாங்கி டிக்கியில் வைத்தாயிற்று.