கொடியேறின பிறகு மெத்தியோனின் எங்கே?

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலில் திருவிழாக் கொடியேறினால் எங்கள் வீட்டு மச்சச் சட்டி 25 நாளைக்குப் பரணில். "மீனும் முட்டையும் இல்லாமல் சத்துக்கு என்ன பிள்ளை செய்யிறது?" என்று கேட்டுக்கொண்டே அம்மம்மா உழுந்தை ஊறப்போடுவார். புரதத்தின் கட்டுக்கற்களில் ஒன்றான மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், உழுந்தின் மேல் அவருக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல்தான்.

மெத்தியோனினை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. உலக சுகாதார அமைப்பின் 2007 கணக்குப்படி மெத்தியோனினும், இன்னொரு கந்தக அமினோ அமிலமான சிஸ்டீனும் சேர்த்து, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் நாளொன்றுக்குத் தேவை. 60 கிலோ ஆளுக்கு 900.

100 கிராம் மீனில் மெத்தியோனின் மட்டும் சுமார் 600 மில்லிகிராம், ஒரு முட்டையில் 190. முட்டையை அவித்தோ பொரித்தோ தின்னுங்கள். பெரியபிள்ளையான பெட்டைக்கு நல்லெண்ணெயோடு பச்சையாகக் கொடுக்கிறோமே, அதில் புரதம் பாதியளவுதான் உடம்பில் சேரும்.

மரக்கறிப் பக்கத்தில் இவற்றோடு மல்லுக்கு நிற்பது எள்ளு. 100 கிராமில் 580 வரை உண்டு. ஆனால் அவ்வளவு எள்ளை யார் தின்பது? இரண்டு எள்ளுப்பாகு உருண்டையில் 20 கிராம் எள்ளு இருந்தால் பெரிய காரியம். நல்லெண்ணெயை ஊற்றி ஈடுகட்டவும் முடியாது. செக்கில் புரதம் பிண்ணாக்கோடு நின்று, மாட்டுக்குப் போய்விடுகிறது.

உழுந்தில் கால்வாசி புரதம்தான், ஆனால் அந்தப் புரதத்தில் கிராமுக்கு 15 மில்லிகிராம் மெத்தியோனினே உண்டு. முட்டையில் அதைப்போல இரண்டு மடங்கு. உழுந்தின் கெட்டித்தனம் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தில்.

யாரும் கணக்கில் எடுக்காதது சோறு. நாளுக்கு 300 கிராம் அரிசி போட்டால் மெத்தியோனின் 500, சிஸ்டீன் 400க்கு மேல். செரிமானத்தில் கொஞ்சம் கழிந்தாலும் தேவையின் பெரும்பங்கு அங்கேயே வந்துவிடும். அரிசியில் குறைவது லைசின், அதை உழுந்து கொண்டுவரும். தோசை மா அரைத்தவள் கெட்டிக்காரிதான்.

சிக்கல் நீரிழிவுக்காகச் சோற்றைக் குறைத்தவர்களுக்கு. விரத நாளில் அவர்களுக்குச் சோயாமீற் நல்லது: காய்ந்த நிலையில் 30 கிராம் போட்டால் கிட்டத்தட்ட ஒரு முட்டையளவு மெத்தியோனின். ஊறவைத்துப் பிழிந்துவிட்டு மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினால், மச்சச் சட்டியை அவ்வளவாகத் தேடாது.