தெளிப்பதா, ஊசியில் ஏற்றுவதா? புற்றின் நொதிகளை ஒளிரவைக்கும் இரு வழிகள்

மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையில், கண்ணுக்கும் விரலுக்கும் பிடிபடாதது விளிம்பு. எடுத்த திசுவின் ஓரத்தில் புற்றணுக்கள் உண்டா என்று நோயியல் ஆய்வகம் சொல்லச் சில நாட்களாகும். உண்டு என்று அறிக்கை வந்தால் பல பெண்களுக்கு இரண்டாவது அறுவைதான். இந்தக் கொடுமையைக் குறைக்க வந்தவைதான் நொதியால் ஒளிரும் சாயங்கள். புற்றில் மிகுந்திருக்கும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், வந்து ஒரு பிணைப்பை வெட்டும்வரை அவை இருண்டே கிடக்கும். ஒரே நொதி அடுத்தடுத்துப் பல மூலக்கூறுகளை வெட்டுவதால் ஒளி பெருகும்.

தெளிக்கும் வகையில் முன்னோடி, டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதெரு உரானோவும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஹிசதாகா கொபயாஷியும் 2011இல் வெளியிட்ட ஜிகுளூ-எச்எம்ஆர்ஜி என்ற சாயம். அது தேடும் நொதி ஜிஜிடி. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை அறிக்கையில் நாம் பார்க்கும் அதே பெயர். சாயத்தோடு ஒட்டியிருக்கும் குளூட்டமிக் அமிலத் துண்டை அந்த நொதி வெட்டியதும், சாயத்தின் மூடிய வளையம் திறந்து பச்சையாக ஒளிர்கிறது. எலிகளின் வயிற்றறையில் வளர்ந்த சூலகப் புற்றின் மீது தெளித்தபோது ஓரிரு நிமிடங்களிலேயே கட்டிகள் தெரிந்தன. வெட்டியெடுத்த திசுவில் தெளித்தால் நோயாளியின் உடலுக்குள் எதுவும் போவதில்லை. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பச்சை ஒளி ஆழம் போகாது, ரத்தம் அதை உறிஞ்சிவிடும். ஜிஜிடி குறைந்த புற்றுகள் இருளிலேயே தங்கிவிடும். புற்றல்லாத சில மார்பகக் கட்டிகளோ ஒளிர்ந்து குழப்பும்.

இரண்டாம் வழியைச் சேர்ந்த பெகுலிசியானின் என்ற சாயம், ஊசி மூலம் ரத்தக் குழாய்க்குள் செல்வது. அறுவைக்கு 2 முதல் 6 மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். புரதங்களை வெட்டும் கேத்தெப்சின் முதலிய நொதிகள் அதை வெட்டியதும் சிவப்பு எல்லையில் ஒளிரும். கட்டி எடுத்த குழிக்குள்ளேயே கையடக்கக் கருவியை வைத்துப் பார்க்கலாம். 2024 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 357 பெண்களில் 27 பேரிடம், வழக்கமான அறுவைக்குப் பின்னும் எஞ்சியிருந்த புற்று இதன் துணையால் அகற்றப்பட்டது. விளிம்பில் புற்று இருந்த 62 பேரில் 9 பேர் இரண்டாவது அறுவையிலிருந்து தப்பினர். மறுபக்கமும் உண்டு: புற்றுள்ள விளிம்புகளில் 49.3 விழுக்காட்டைத்தான் அது காட்டிக்கொடுத்தது, புற்றில்லாதவற்றில் 85.2 விழுக்காட்டைச் சரியாக விலக்கியது. கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்ற உச்சநிலை எச்சரிக்கையும் மருந்தின் குறிப்பேட்டில் உள்ளது.

பாதியைத் தவறவிடும் மருந்தா என்று முகம் சுளிக்கலாம். ஆனாலும் நான் இதன் பக்கமே நிற்கிறேன். திசுத்துண்டின் மேல் தெளிக்கும் சாயம் வெளியே வந்ததைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது உள்ளே தங்கியதைப் பற்றி. ஒளிராத குழியைப் பார்த்து ஆய்வக அறிக்கை தேவையில்லை என்று நினைப்பது மட்டும் பெரும் தவறு.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று: வெட்டுப்பட்ட சாயம் பிறந்த இடத்திலிருந்து கசிந்து நகரக்கூடும். ஸ்டான்ஃபோர்டில் மாத்யூ போகியோ என்ற ஆய்வாளரின் குழு வளர்த்தெடுத்த சாய வகை, நொதியோடு நிரந்தரமாகப் பிணைந்து அங்கேயே நிற்கிறது. ஒரு நொதிக்கு ஒரு விளக்குதான், பெருக்கம் கிடையாது. விளிம்பை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் அறுவையில் அந்த இழப்பை ஏற்கலாம் என்பேன்.